குறைத்த எடை திரும்பி வராமல் இருக்க...



காலை முதல் இரவு வரை ஊருக்கெல்லாம் எடை போட்டுக் கொடுக்கிறோம். கால் கிலோ பருப்பில் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் நம் சொந்த எடையைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தோம் என்று கேட்டால், நம்மில் பலரிடம் பதில் இல்லை. டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் விழித்துக்கொள்கிறோம். உடனே சோற்றை அடியோடு நிறுத்துகிறோம்; இரவில் பட்டினி கிடக்கிறோம். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைகிறது. தீபாவளி வியாபாரம் முடிவதற்குள் அந்த ஐந்தும் திரும்பி வந்துவிடுகிறது. கூடவே ஒன்றிரண்டு கிலோவையும் அழைத்து வருகிறது.

மன உறுதி இல்லாததுதான் இதற்குக் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். உண்மை அதுவன்று.

உடல் போடும் கணக்கு

வரவு குறைந்தால் கெட்டிக்கார வியாபாரி என்ன செய்வார்? செலவைச் சுருக்குவார். உடலும் அதையேதான் செய்கிறது. சாப்பாடு குறைந்ததும், உடல் தான் செலவிடும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. கொழுப்பு குறையும்போது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பும் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது. ஆக, செலவு குறைவு, பசி அதிகம்.

அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்த அவர்களுக்கு 41 கிலோ மீண்டும் ஏறியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் உடல் ஓய்வில் செலவிடும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். எடையைக் குறைக்க என்ன செய்தோமோ, அதைக் குறைத்த பிறகும் செய்துகொண்டிருக்க வேண்டும். எனவே ஆயுள் முழுவதும் கடைப்பிடிக்க முடியாத பத்தியத்தைத் தொடங்குவதில் பயனில்லை.

ஒழுகும் இடம் எது?

கடையில் சரக்கு குறைந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறோம் அல்லவா? இங்கும் அப்படியே தேடுவோம். நாளொன்றுக்கு ஆறு டீ; ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை. மொத்தம் 60 கிராம், அதாவது 240 கலோரி. மாதக் கணக்கில் பார்த்தால் 1 கிலோ 800 கிராம் சர்க்கரை!

அடுத்தது, கல்லாவில் உட்கார்ந்தபடியே வாயில் போட்டுக்கொள்ளும் நிலக்கடலை. 50 கிராமுக்கு ஏறக்குறைய 280 கலோரி. பிறகு எண்ணெய். ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. சொந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் எண்ணெய்க்கு நம்மில் பலர் சிட்டை எழுதுவதில்லை. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், கண் திறக்கும்.

என்ன செய்யலாம்?

1. டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

2. சோற்றை நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய்கறி, கீரை, சுண்டல், பயறு, முட்டை ஆகியவற்றைச் சேருங்கள். இவை பசியைத் தாங்கும்.

3. தினமும் நடங்கள். எடையைக் குறைத்து, அதைக் காத்துவருபவர்களுக்கென அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களையே அதில் சேர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு உடலுழைப்பு செய்தார்கள். தவறாமல் எடையும் பார்த்தார்கள். கடை திறக்கும் முன் அரை மணி, மதியம் கூட்டம் ஓய்ந்தபின் கால் மணி, இரவு கடையைப் பூட்டியபின் கால் மணி என்று பிரித்தும் நடக்கலாம்.

4. வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், எடை பாருங்கள். மூட்டை நிறுக்கும் தராசே போதும். இரண்டு கிலோ ஏறியதும் கட்டுப்பாட்டை இறுக்குங்கள். பத்து கிலோ ஏறும் வரை காத்திருக்க வேண்டாம்.

5. கல்யாண விருந்தில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் வியாபாரம் மந்தமானால் கடையை மூடிவிடுகிறோமா?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

தராசு முள் அசையாவிட்டாலும்

எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீராக்கியவர்களில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை!

நம்மில் பலருடைய கடை ஓர் ஆளை நம்பி நடப்பது. அவர் ஒரு மாதம் படுத்தால் கதவு சாத்தியே கிடக்கும். வாடிக்கையும் வேறு கடைக்குப் போய்விடும். வரும் ஞாயிற்றுக்கிழமை மூட்டை இறக்கியதும் நாமும் அந்தத் தராசில் ஒருமுறை ஏறி நிற்போம். வரும் எண்ணைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் தேதியோடு எழுதி வைப்போம்.