நாளை முதல்

மனிதர்கள் செய்யும் சபதங்களுள் மிகவும் உறுதியானவை எந்த வேளையில் செய்யப்படுகின்றன என்று நேயர்கள் யோசித்ததுண்டா? விருந்துச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு வரும் வேளையில்தான். வேஷ்டி இடுப்பில் சற்றே இறுகுகிறது. மூச்சு சற்றே திணறுகிறது. உடனே, "நாளை முதல் விடியற்காலையில் எழுந்து நடக்கப் போகிறேன்; இனிப்பைத் தொடப் போவதில்லை" என்று ஒரு பீஷ்ம சபதம் பிறக்கிறது. மறுநாள் பொழுதும் விடிகிறது. சபதம் செய்தவர் மட்டும் அது விடிந்ததை அறியாமல் உறங்குகிறார்.

பிறரைப் பரிகாசம் செய்வதற்காக இதை எழுதவில்லை. ஏறக்குறைய இருபது வருஷ காலம் நாமே அந்தச் சபதத்தை மாதம் ஒரு முறை செய்து வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சரித்திர பாடம் சொல்லுவது நமது தொழில். நாள் முழுவதும் நின்று கொண்டு பேசுவதே போதிய தேகப் பயிற்சி என்பது நமது சித்தாந்தமாக இருந்தது. சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், கீழ்த் தளத்தில் வகுப்பை முடித்துக் கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினோம். நாற்பத்து நாலு படிகள். வகுப்பறை வாசலில் நின்று வாயைத் திறந்தோம், பேச்சு வரவில்லை. முன் பெஞ்சியிலிருந்த ஒரு பையன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உட்காருங்கள், சார்!" என்றான். அவன் குரலில் கேலி இல்லை, இரக்கந்தான் இருந்தது. கேலியாக இருந்தால் பொறுத்திருப்போம்.

அந்த வாரமே வைத்தியரிடம் போனோம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 118 என்று வந்தது. 100க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 126ஐத் தொட்டு விட்டால் நீரிழிவு என்று பெயர். நாம் இரண்டுக்கும் நடுவே வரப்பின் மேல் நின்று கொண்டிருந்தோம். எந்தப் பக்கம் இறங்குவது என்பது நமது கையில், அல்லது காலில், இருந்தது.

நம் தந்தையாருக்கும் இந்த வியாதிதான். செருப்புக் கடித்து உண்டான ஒரு சிறு புண் ஆறாமல் வளர்ந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் கட்டிலில் இருந்தபடியே வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பார். தெருக்கோடியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு ஒரு தரமாவது நடந்து போய் வர வேண்டும் என்று அடிக்கடி சொல்லுவார். அது நடக்கவில்லை. நமக்கோ இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. அதே கோயிலுக்கு நாம் ஸ்கூட்டரில் போய் வந்து கொண்டிருந்தோம்!

இது நம் ஒரு வீட்டுச் சமாச்சாரம் மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் வருஷம் வெளியான ஆய்வின்படி, நமது தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். வரப்பின் மேல் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடிப் பேர். இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் நமக்கு ஒரு தோழர் இருப்பார் என்று துணிந்து சொல்லலாம்.

முதல் நாள் உற்சாகம்

வைத்தியர் சொன்ன மறுநாளே புதிய பூட்ஸ் வாங்கினோம். விடியற்காலையில் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் நடந்தோம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. எட்டு நாள் கட்டிலில் கிடந்தோம். பூட்ஸில் கரப்பான் பூச்சி குடியேறியது. மறுபடியும் வைத்தியரைப் பார்த்தபோது அவர் சிரித்துவிட்டு, "வாத்தியார் ஐயா! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே பத்தாம் வகுப்புப் பரீட்சை வைப்பீர்களா?" என்று கேட்டார்.

ஆரம்பிப்பவர்கள் கற்க வேண்டிய முதற் பாடம் இதுதான். சோம்பலினால் நின்று போன பயிற்சிகளைக் காட்டிலும் முதல் நாள் உற்சாகத்தினால் நின்று போனவை அதிகம் என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் புதிய அளவுகோல் ஒன்றை ஏற்படுத்திக் கொண்டோம். உடம்பு சோர்ந்து, மழை தூறி, பரீட்சைத் தாள்கள் மலைபோல் குவிந்திருக்கும் மிக மோசமான தினத்திலும் எவ்வளவு செய்ய முடியுமோ, அதுவே ஆரம்ப அளவு. நமக்கு அது பத்து நிமிஷம். பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பச் சரியாகப் பத்து நிமிஷம் ஆகிறது. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் வீதம் கூட்டினோம். ஐந்தாம் வாரத்தில், முழங்காலுக்குத் தெரியாமலே, அரை மணி நேரமாகி விட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட யோசனையும் இதற்கு ஒத்ததே. வயது வந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான உழைப்புச் செய்ய வேண்டும் என்கிறது அது. தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 ஆயிற்று. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதுமில்லை. துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். மிதமான வேகம் எது என்று அறிய யந்திரம் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

"தினம் பதினாயிரம் அடி வைக்காவிட்டால் பிரயோஜனமில்லையாமே?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த எண் பிரபலமானது, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியினால். 'பதினாயிரம் அடி மானி' என்பதே அதன் பெயருக்குப் பொருள். சராசரி 72 வயதுள்ள அமெரிக்க மாதர்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்ததென்றும், சுமார் 7,500 அடிக்கு மேல் அந்த லாபம் பெருகவில்லை என்றும் கண்டது. ஆகவே, பதினாயிரம் முடியவில்லையே என்று ஒன்றும் செய்யாமலிருப்பது புத்திசாலித்தனமாகாது.

படியும் நாற்காலியும்

லண்டன் நகரத்து இரட்டை மாடிப் பஸ்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்திய நிபுணர் 1953இல் வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைக் காட்டிலும், டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாயிருந்தது. பஸ் ஒன்றே, ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒருவர் ஏறி இறங்கினார். அன்று முதல் நாம் மாடிப்படியைச் சத்துருவாகக் கருதுவதை விட்டுவிட்டோம். வீட்டிலும் ஒரு மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நாலடி நடக்கிறோம். சாப்பிட்டவுடன் சாய்வதற்குப் பதிலாகப் பத்து நிமிஷம் முற்றத்தில் உலாவினால், இரத்தத்தில் சர்க்கரை வெகுவாக ஏறாமல் தடுக்கிறது.

நடையோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அதற்கும் செலவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, மார்பு சுவரை நெருங்கும்படி சாய்ந்து, பத்துத் தடவை தள்ளுங்கள். சுலபமாக வந்தபின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வயதான காலத்தில் பிறர் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க உதவுவது இந்தப் பலந்தான்.

வீட்டில் நடந்த விவாதம்

நமது நடை ஒழுங்காக நடந்து வந்த காலத்தில், ஒரு நாள் நம் இல்லாள் கேட்டாள்: "நீங்கள் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறீர்கள். அந்த அரை மணியில் இட்லி வார்ப்பதும் சாப்பாட்டு டப்பா கட்டுவதும் யார்? எனக்கு மட்டும் சர்க்கரை வராதா?"

வீட்டு வேலையே பெண்களுக்குப் போதிய தேகப் பயிற்சி என்று பதில் சொல்ல வாயெடுத்தோம். ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்று ராட்டினமும் இருந்த காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். அந்த உழைப்பு எத்தனையோ பெண்களின் இடுப்பை ஒடித்தது. மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் வந்தது நல்லதே. ஆனால் உழைப்புப் போயிற்றே தவிர, ஓய்வு வரவில்லை. அடுப்படியில் நின்றே இருப்பது நடையாகாது. ஆகையால் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டோம். காலை 5.30க்கு அவள் நடக்கப் போகிறாள்; அந்த நேரத்தில் காய்கறி நறுக்குவதும் காபி போடுவதும் நமது பொறுப்பு. மாலையில் நமது முறை. முதல் வாரத்துக் காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே நல்லது.

ஆகாரத்தில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை போன்றவை, மீதிக் கால் பங்கு சோறு என்று இடம் மாற்றினோம். முன்பு சோறுதான் தட்டு. மற்றவை அதன் ஓரத்தில் குடியிருந்தன. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே. இரவில் ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தால் இது பாதி கைகூடும்.

சில எச்சரிக்கைகள்: இருதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது மார்பு வலியோ தலைச் சுற்றலோ கண்டால் உடனே நின்று, வைத்திய உதவியைத் தேட வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. தினமும் பாதங்களைப் பார்த்துக் கொள்ள வேண்டும். கோடையில் வெயிலுக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகுமே நடை.

காந்தியடிகள் 1930இல் தண்டிக்கு நடந்தபோது அவருக்கு வயது அறுபது. 24 நாட்களில் ஏறக்குறைய 240 மைல். அந்தக் கால்கள் ஒரே நாளில் தயாராகவில்லை. லண்டனில் சட்டம் படித்த இளம் பிராயத்திலேயே பஸ் செலவை மிச்சப்படுத்தித் தினம் எட்டுப் பத்து மைல் நடந்ததாக அவரே தமது சுய சரிதத்தில் எழுதியிருக்கிறார். தேசம் கூப்பிட்டபோது நடப்பதற்கு, கூப்பிடாதபோதும் அவர் நடந்து கொண்டிருந்தார்.

நாம் ஒன்றும் தண்டிக்குப் போகப் போவதில்லை. பத்து மாதத்துக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் சர்க்கரை 104 என்று வந்தது. வரப்பிலிருந்து முழுவதும் இறங்கிவிடவில்லை; ஆனால் நல்ல பக்கமாகத் திரும்பி நிற்கிறோம். இடையில் நடை தவறிய நாட்களும் உண்டு. தவறியதற்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு நடக்க வேண்டாம். மறுநாள் வழக்கம்போல் புறப்பட்டால் போதும். தினசரிக் காலண்டரில் நடந்த தேதிகளின் மேல் ஒரு கோடு கிழிக்கிறோம். கோடு இல்லாத தேதிகள் இரண்டு சேர்ந்தாற்போல் வராமல் பார்த்துக் கொள்வதே நமது முழு விரதம்.

இந்த வருஷமும் நமக்கு அதே இரண்டாவது மாடியில்தான் வகுப்பு. நாற்பத்து நாலு படியும் ஏறிச் சென்று, நின்றபடியே பாடத்தை ஆரம்பிக்கிறோம். நாற்காலியை யாரும் நகர்த்திப் போடுவதில்லை.

நேயர்களே! சபதம் ஒன்றும் வேண்டாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, உங்கள் தெருக்கோடி வரையில் ஒரு தரம் போய் வாருங்கள். நாளைய சங்கதியை நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்.