கண்மாய் மீனை எண்ணுவது எப்படி?

ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேருவது மலையோடைத் தண்ணீர். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் போன்ற கண்மாய்களுக்கு வயலையும் ஊரையும் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீரில் உரச்சத்தும் சாணச்சத்தும் கரைந்திருக்கும். சத்து கூடினால் பாசி பெருகும், பாசியை நம்பி மீன் பெருகும். இதைத்தான் நீர்நிலையின் விளைதிறன் என்கிறோம்.

இதை மதிப்பிட எளிய கருவி ஒன்று உண்டு. 1865இல் இத்தாலியர் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திய வட்டத்தகடு அது. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். பாசி அடர்ந்த நீரில் சீக்கிரம் மறைந்துவிடும். மழைக்குப் பின் செம்மண் கலங்கலிலும் அப்படித்தான் மறையும். அதனால் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்வது அவசியம்.

மீனை எண்ணுவது இதைவிடச் சுவையான வேலை. 100 மீன்களைப் பிடித்து, துடுப்பில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். சில நாள் கழித்து 50 மீன் பிடித்தால், அதில் 10 அடையாளத்தோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று அடையாளமிட்டது என்றால், கண்மாயில் இருப்பவை ஏறத்தாழ 500. இந்தக் கணக்கு சரியாக வர, இடையில் மீன் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. மடை அடைத்து, மறுகால் பாயாத நாட்களில் நம் கண்மாய்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவை.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட, ஒரே கண்ணளவு வலைகளை ஒரே நேர அளவுக்குப் போட்டால் போதும். அந்த வலையில் சிக்குவது குறைகிறதா கூடுகிறதா என்பதே தடயம்.

பிடிபடும் மீனின் மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1952இல் மண்டபம் என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை சத்து மிகுந்த நீரில் மளமளவென்று பெருகும். எடை குறையாது, ஆனால் அயிரையும் குரவையும் காணாமல் போயிருக்கலாம். தெளிந்த மலைநீரில் எடை குறைவாக இருந்தால் அது சீரழிவு அல்ல, அந்த நீரின் இயல்பு. சத்து அளவு மீறிய கண்மாயிலோ ஆபத்து வேறு: இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியலில் ஆக்சிஜன் வற்றி, மீன்கள் ஒரே இரவில் செத்து மிதக்கக்கூடும்.

மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகை எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடையோடு மீனின் இனத்தையும் நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.