சோ கார்: வடிகால் இல்லாத ஏரி

லடாக்கின் தென்கிழக்கில், சாங்தாங் என்னும் குளிர்ப் பாலைவனப் பீடபூமியில், கடல் மட்டத்திற்கு மேல் 4,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இரண்டு ஏரிகள் அருகருகே அமைந்துள்ளன. தெற்கேயுள்ள ஸ்டார்ட்சாபுக் சோ சுமார் 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நன்னீர் ஏரி. வடக்கேயுள்ள சோ கார் சுமார் 18 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் நீரோ மிகுந்த உப்புடையது. ஒரே பள்ளத்தாக்கில் இருந்தும் இவை இங்ஙனம் வேறுபடுவது ஏன்?

பனி உருகி வரும் ஓடைகளும் ஊற்றுகளும் பாறைகளிலிருந்து சிறிதளவு உப்பைக் கரைத்துக்கொண்டே வருகின்றன. ஸ்டார்ட்சாபுக் ஏரி தான் பெற்ற நீரை ஒரு கால்வாய் வழியாகச் சோ காருக்கு அனுப்பிவிடுகிறது. உப்பும் உடன் செல்கிறது. சோ காருக்கோ வடிகால் கிடையாது. அதிலிருந்து நீர் வெளியேறும் வழி ஆவியாதல் ஒன்றே. நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. கரையெங்கும் உப்புப் பூத்து வெண்மையாகத் தோன்றுவதால்தான் 'வெள்ளை ஏரி' என்னும் பொருளில் அதற்கு அப்பெயர் வழங்குகிறது. சாங்பா என்னும் மேய்ச்சல் மக்கள் முற்காலத்தில் இவ்வுப்பை வாரிப் பண்டமாற்றுக்குக் கொண்டு சென்றனர்.

மழை மிகச் சொற்பமான இப்பிரதேசத்தில் ஏரி வரவுக்கும் செலவுக்கும் ஏற்பப் பெருகிச் சுருங்கும். இன்றைய நீர்மட்டத்திற்கு வெகு உயரத்தில், மலைச்சரிவுகளில் படிப்படியாகக் காணப்படும் பழைய கரைக்கோடுகள், ஒரு காலத்தில் இங்கே பேரேரி பரந்திருந்ததற்குச் சான்றாகும்.

நன்னீர் ஏரியைச் சூழ்ந்த சதுப்பு நிலமே இங்குள்ள உயிர்களுக்கு ஆதாரம். கருங்கழுத்துக் கொக்கு இந்தியாவில் குஞ்சு பொரிக்கும் முக்கிய இடங்களுள் இது ஒன்று. குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்தினமும் கோடையில் இங்குக் காணப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் இவ்வேரிகள் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன.

கொக்கு சதுப்பிலே தரையோடு கூடு கட்டிப் பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகிறது. கட்டற்றுத் திரியும் நாய்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. சுற்றுலா வாகனங்கள் பாதையைவிட்டு விலகினால் சதுப்பு நசுங்கிக் கெடுகிறது. உணவுக் கழிவுகளை வெளியில் எறியாதிருத்தலும், வாகனங்களைப் பாதையிலேயே செலுத்துதலும் எளிய காப்புகளாம்.

ஆசிரியர்கள் ஓர் அகன்ற தட்டில் உப்பு நீரை ஊற்றி வெயிலில் வைத்துக் காட்டலாம். நீர் வற்றியபின் எஞ்சும் வெண்படலம் சோ காரின் கதையைக் கூறும். உள்ளே வந்த உப்பு வெளியேறாதது போலவே, வடிகாலற்ற ஏரியில் சேரும் அழுக்கும் எளிதில் வெளியேறாது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.