டேபிளில் இறங்கிய தாமிரபரணி – 9: இரண்டு ஸ்ரீவைகுண்டங்கள்

ஜாவாவில் கிளாஸை நாம் எழுதினால் டேட்டாபேஸ் டேபிளை ஹைபர்னேட் என்ற நிரல் நூலகம் தானே கட்டிக்கொள்ளும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அணைக்கட்டு, கால்வாய் என்ற நம் இரண்டு கிளாஸ்களும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தானியங்கிப் பொருத்தம் எங்கெங்கே பிசகும் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் பிசகே இந்த வாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என இறங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது வரிசை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமானம். அதற்கு வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள். வடகால் தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம் வரை போகிறது.

நிரலை ஓட்டி ஸ்ரீவைகுண்டத்தின் கால்வாய்களைக் கேட்டால் வடகால் மட்டும் வருகிறது. தென்காலைக் காணோம். ஆனால் கால்வாய் டேபிளில் 11 ரோக்களும் பத்திரமாக இருக்கின்றன.

இந்த இடத்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பொருத்தத்தைத்தான். இரண்டு கிளாஸ்களையும் இணைக்க 'மேப்டு பை' என்று கொடுத்த ஃபீல்டின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா? அதைக் கொடுக்கவே மறந்திருந்தால் ஹைபர்னேட் நம்மைக் கேட்காமல் மூன்றாவதாக ஓர் இணைப்பு டேபிளை உண்டாக்கிவிடும், அது நடந்திருக்கிறதா? இரண்டும் சரி. அப்படியானால் கிளாஸை வெறித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஹைபர்னேட் அனுப்பும் எஸ்க்யூஎல் வரியைத்தான் பார்க்கவேண்டும். 'ஷோ எஸ்க்யூஎல்' அமைப்பை இயக்கினால் வரி தெரியும்; ஆனால் மதிப்புகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் இருக்கும். அந்த மதிப்புகளையும் லாகில் காட்டச் சொல்ல வேண்டும். பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். காட்டச் சொன்னதும் விஷயம் வெளியே வந்தது: தென்கால் வேறோர் அணை எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அணைக்கட்டு டேபிளில் 8 அல்ல, 9 ரோக்கள். ஸ்ரீவைகுண்டம் இரண்டு முறை!

பெயர் திரும்ப வரக்கூடாது என்று யுனீக் கட்டுப்பாடு போட்டிருந்தோமே? அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்துவைத்திருப்பது இதுதான். யூனிகோடில் ஸ என்ற எழுத்தின் எண் 3000. ஷ 2999. அதற்கும் முன்னால் 2998இல் ஶ என்ற இன்னோர் எழுத்து இருக்கிறது. இது 2005இல், யூனிகோடின் 4.1 பதிப்பில் சேர்ந்தது. அதுவரை ஸ்ரீ என்பதை 3000ஐக் கொண்டுதான் எழுத முடியும். ஶ வந்தபிறகு 2998ஐக் கொண்டும் எழுதலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. எது உள்ளே போகிறது என்பது விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும்.

நீளத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. எப்படி எழுதினாலும் ஸ்ரீவைகுண்டம் 13 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 39 பைட். யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. இது திரையோடு நிற்கும் சிக்கல் அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஊர் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. அப்படிப்பட்ட ஓர் இரவில் ஊர்ப் பெயரை வைத்து உதவிப் பட்டியலைத் தேடுகிறவர் முன்னால் பாதிப் பட்டியல் மட்டும் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். பிழைச் செய்திகூட வராது.

நம் நிரலில் வினை எங்கே நுழைந்தது? அணைப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஒருவர், கால்வாய்ப் பட்டியலில் தென்கால் வரியைத் தட்டச்சு செய்தவர் இன்னொருவர். கால்வாயை ஏற்றும்போது, அணையைப் பெயரால் தேடு, கிடைக்காவிட்டால் புதிதாகச் சேர் என்று எழுதியிருந்தது. தேடியது, கிடைக்கவில்லை, சேர்த்துவிட்டது.

தீர்வு இரண்டு படி. ஜாவாவின் ஜேபிஏ 2.1இல் வந்த ஆட்ரிபியூட் கன்வெர்ட்டர் ஒன்றைப் பெயர் ஃபீல்டில் பொருத்தி, ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீயைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் ஸகர ஸ்ரீயாக மாற்றலாம். ஸ்ரீயாகச் சேரும் இடத்தில் மட்டும் மாற்றவேண்டும். தனி ஶவைத் தொடக்கூடாது, வடமொழிச் சொற்களை எழுதுவோர் அதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது படி, தென்காலைச் சரியான அணை எண்ணுக்கு மாற்றிவிட்டு ஒன்பதாவது ரோவை நீக்குவது. இந்த வரிசை முக்கியம். ரோவை முதலில் நீக்கப் போனால் ஃபாரின் கீ தடுக்கும். 'கேஸ்கேட்' போட்டிருந்தால் தென்காலும் சேர்ந்து போய்விடும். என்னைக் கேட்டால், ஊர்ப் பெயரை அடையாளமாக நம்பி இரண்டு டேபிள்களை இணைப்பதே தவறு. அணைக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டு பட்டியல்களிலும் அந்த எண்ணையே எழுத வேண்டும்.

ஃபீல்டின் பெயரை மாற்றினால் 'அப்டேட்' அமைப்பு பழைய நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு காலி நெடுவரிசையைச் சேர்ப்பது, 'ஆர்டர்' என்று கிளாஸுக்குப் பெயர் வைத்தால் எஸ்க்யூஎல் தடுக்கி விழுவது, 8 அணைகளின் கால்வாய்களைக் கேட்க 9 கேள்விகள் போவது எல்லாம் அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீதர், ஜெயஸ்ரீ என்று ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ உங்கள் டேபிளில் இருந்தால், 2998ஆம் எழுத்து வரும் ரோக்களை மட்டும் தேடி எடுத்துப் பாருங்கள். எத்தனை வந்தன என்று எனக்கு எழுதுங்கள்.