தவிட்டிலுள்ள எண்ணெயைக் காக்கும் முறை

தஞ்சை டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி நெல் ஆலைக்கு வரும் காலங்களில் அரிசிக்குக் காட்டும் கவனம் தவிட்டிற்குக் காட்டப்படுவதில்லை. ஆயினும் நெல்லின் கொழுப்புச் சத்தில் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலுமே அடங்கியிருக்கிறது. உமி கலவாத பச்சரிசித் தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கும், புழுங்கலரிசித் தவிட்டில் 20 பங்கிற்கு மேலும் எண்ணெய் உண்டு.

இக்கொழுப்பு, முளைக்கும் கருவிற்கென விதை சேர்த்து வைத்த கட்டுச்சோறாகும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி உஷ்ணம் அளிக்க, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி அளிக்கும். மேலும், எல்லா உயிர்களின் அணுக்களையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு பெரிதும் கொழுப்புப் பொருள்களால் ஆனது. நெல்லின் இலைமேல் நீர் ஒட்டாது உருண்டோடுவதும் அதன் மெழுகுப் பூச்சினாலேயே.

கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்னும் நொதியும் நெல்மணியிலேயே இருக்கிறது. மணி முழுதாயிருக்கும்வரை எண்ணெயும் நொதியும் வெவ்வேறு அடுக்குகளில் பிரிந்திருக்கின்றன. அரிசியைத் தீட்டியதும் இரண்டும் கலந்து, எண்ணெய் கொழுப்பு அமிலமாகப் பிரியத் தொடங்குகிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த காலத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேலும் அமிலம் ஏறுவதுண்டு. அமிலம் 10 பங்கைக் கடந்தால், அவ்வெண்ணெயைச் சமையலுக்கேற்பச் சுத்திகரிப்பதில் சேதம் மிகுதி. பெரும்பாலும் அது சோப்புத் தொழிலுக்கே போய்ச் சேரும்.

பச்சரிசித் தவிட்டைத் தீட்டிய சில மணி நேரத்திற்குள் நீராவியில் சில நிமிஷம் சூடேற்றி, உடனே உலர்த்துதல் வேண்டும். புழுங்கலரிசிக்கு நெல்லை அவிக்கும் ஆவியே லைபேஸின் வேகத்தை அடக்கிவிடுகிறது. எனினும் காற்றுப் பட்டு அத்தவிடும் காறிப்போகுமாதலால் நெடுநாள் வைத்தல் தகாது.

மாட்டிற்குத் தவிடு வாங்கும் குடியானவர்கள் ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்காமலும், மூட்டையை ஈரத் தரையில் கிடத்தாமல் பலகைமேல் அடுக்கியும் வரின் நலம். காறல் வாடையும் கசப்பும் உள்ள தவிட்டை மாடு விரும்பாது.

திருவாரூரில் 1967-ல் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நெல் பதனிடும் ஆராய்ச்சி, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆராய்ச்சி எத்துணை வளரினும், தவிட்டின் தரம் முதல் நாளன்று ஆலைக்களத்திலேயே நிர்ணயமாகிறது. அன்று காட்டும் சிரத்தையே சமையலெண்ணெயாகவும் நல்ல தீவனமாகவும் பயன் தரும்.