யானை மேல் ஏறிப் போன கேமரா! இந்த நெல்லைக்காரரைத் தெரியுமா?

நெல்லை டவுண் வாகையடி முக்கில் நின்றுகொண்டு, "இந்தியாவில் காட்டு விலங்குகளைப் படம் பிடித்த முன்னோடி யார்?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். டிவி சேனல் பெயர்தான் பதிலாக வரும். அந்த முன்னோடிகளில் முக்கியமானவர் நம்ம ஊரில் பிறந்தவர், தெரியுமா? 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன்! 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி. அப்பா தமிழ் நாவலுக்கு முன்னோடி, பிள்ளை கானுயிர்ப் படங்களுக்கு முன்னோடி!

அவர் கேமராவின் கதை இன்னும் அதிசயம். அப்படியொரு கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. உடம்பு ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் வேறெங்கோ கிடைத்தவை. எல்லாவற்றையும் தானே கோத்து, தானே பொருத்திக்கொண்டார். பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'! நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்த இ.ஆர்.சி. டேவிதாரே அந்தக் கருவியைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். தானாக ஃபோகஸ் ஆகும் வசதியோ, வெளிச்சத்தைத் தானே கணக்குப் போடும் வசதியோ அதில் ஏது? அந்தக் காலத்து நடுத்தர அளவு ஃபிலிம் ரோலில் சதுரப் படமாக எடுத்தால் 12 படம்தான். பிறகு ரோலை மாற்ற வேண்டும். இன்றைய கேமரா ஒரே வினாடியில் 20 படம் தட்டிவிடுகிறது!

சுமையான கருவியோடு காட்டெருமைக்குப் பக்கத்தில் எப்படிப் போவது? நடந்தும் போவார், கும்கி யானை மேலும் போவார். மனித வாடைக்கு மிரண்டு ஓடும் விலங்கு, பழகிய யானை அருகில் வந்தால் பெரும்பாலும் பேசாமல் மேய்ந்துகொண்டிருக்கும். யானை முதுகு அசைந்துகொண்டே இருக்குமே, அங்கிருந்து அசையாமல் ஒரு படம் எடுப்பது எவ்வளவு பெரிய வித்தை!

அதிலும் கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். கலர் ஃபிலிம் வந்து எல்லாரும் அதற்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்த்தால் எனக்குக் கலர் குறையாகவே தோன்றாது. தோல் மடிப்பும், காதோரத்துச் சேறும், பின்னால் நிற்கும் மூங்கிலும் தனித்தனியாகத் தெரியும். முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்காமல், விலங்கு வாழும் இடத்தையும் சேர்த்துப் பிடித்தவர். அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சோற்றுக்கு என்ன செய்தார்? 1942இல் சண்டூர் சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர், எல்லாமே அவர்தான்! தபாலுக்குப் புறா வளர்த்துப் பார்த்ததும் அங்கேதான். 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். பிறகு சாகும்வரை எழுத்தும் படமுமே பிழைப்பு. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தி, அவர் மறைந்த 1996 வரை 46 வருடம் ஓடியது! பல பத்திகளுக்குப் படம் வரைந்தவரும் அவரே. 1968இல் நேரு ஃபெல்லோஷிப், 1970இல் பத்மஸ்ரீ. தமிழில் எழுதியவற்றை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். நெல்லையில் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் அது இருக்க வேண்டும்!

இனி நம்ம மலைக்கு வாருங்கள். களக்காட்டு மழைக்காட்டில் சிங்கவால் குரங்கைப் படம் எடுப்பது ஏன் அவ்வளவு கஷ்டம், தெரியுமா? மரத்தின் உச்சியில், வெடிபலாவைப் பிய்த்துத் தின்றுகொண்டு திரியும். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கறுப்பைப் பார்த்து ஏமாறும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பிடரி வெளுத்துப் போகும்! அதனால் வெளிச்சத்தைக் கையால் குறைத்து வைக்க வேண்டும். அதற்குள் கீழே அட்டை காலில் ஏறிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் காடு. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதும் அதனால்தான், லென்ஸுக்குள் பூசணம் பிடிப்பதும் அதனால்தான்!

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து அங்கே இறங்குகிறது! 7,000 மீட்டருக்கு மேலே அது பறந்ததைக் கருவி மாட்டியே பதிவு செய்திருக்கிறார்கள். சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர் பறவைக் காவலர் பால்பாண்டி. 2022இல் அந்தக் குளம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. படம் எடுக்கப் போகிறவர்களே, கூட்டுக்குக் கிட்டே மட்டும் போகாதீர்கள்! தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வதங்கும், காக்கை கொத்திக்கொண்டு போகும். கூட்டுப் படம் என்றாலே ஏற்காத போட்டிகளும் இன்று உண்டு.

புலி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும், தெரியுமா? 1920களில் வட இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வழியில் கம்பி கட்டி வைப்பார். புலி இடறினால் ஃபிளாஷ் வெட்டும்! இன்று களக்காடு முண்டந்துறையில் கம்பிக்குப் பதில் சென்சார். தடத்தின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா. ஏன் இரண்டு? புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. இரண்டும் கிடைத்தால்தான் இன்ன புலி என்று அடையாளம் சொல்ல முடியும். 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது நம்ம மலைதான்!

ஒன்று மட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் படம் எடுக்கப் போவதற்கும் அனுமதி வேண்டும். கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.