சொட்டும் ஷவர், சுவருக்குள் வால்வு

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்னை வீடுகளில் ஷவர் சொட்டினால், பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா என்ற கேள்வியே எழாது. வாஷர் போயிருக்கும், அவ்வளவுதான். ஜி.ஐ. குழாய் பெரும்பாலும் சுவருக்கு வெளியிலேயே ஓடும். நடுவில் பித்தளை வால்வு கண்ணெதிரே இருக்கும். தண்ணீரை அடைத்துவிட்டு ஸ்பேனரால் தலையைக் கழற்றினால், ஸ்பின்டிலின் அடியில் வட்டமாகப் பள்ளம் விழுந்த வாஷர் கையோடு வரும். தெருமுனை ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குப் புதியது கிடைத்தது. கடை பூட்டியிருந்தால் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டுச் சமாளிப்பார்கள். இங்கிலாந்தில் 1845இல் காப்புரிமை பெற்ற திருகுக் குழாயின் அமைப்புதான் அது. அரை அங்குலக் குழாயை யார் செய்திருந்தாலும் கடையில் கேட்ட வாஷர் அநேகமாகப் பொருந்திவிடும்.

அதற்காக அந்தக் குழாயைப் புகழவும் முடியாது. மூடுவதற்கு மூன்று நான்கு சுற்று வேண்டும். வயதானவர்கள் கைக்கு அது பாடு. சொட்டுகிறதே என்று இறுக்கினால் வாஷர் இன்னும் சீக்கிரம் தேயும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 86,400 சொட்டு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில் அது சிறு விஷயமல்ல.

இன்றைய ஷவர் மிக்ஸரில் ரப்பருக்குப் பதில், வழவழப்பாகத் தீட்டிய இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன. ஒற்றைக் கைப்பிடியை விரலால் தள்ளினால் போதும், வெந்நீரும் தண்ணீரும் வேண்டிய பதத்தில் கலந்து வரும். பல ஆண்டுகள் சொட்டே இருக்காது. ஆனால் மணலோ துருவோ வில்லையில் கீறல் போட்டுவிட்டால் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய வழியில்லை. வில்லைகள் அடங்கிய கார்ட்ரிட்ஜையே முழுதாக மாற்ற வேண்டும். அதிலும் 35 மி.மீ., 40 மி.மீ. என்று அளவு பல, அடிப்பக்கத் துளைகளின் அமைப்பும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

சொட்டுவது ஷவர் தலையில் என்பதால் பலர் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். அது வீண்செலவு. மூடிய பின் தலைக்குள் தங்கிய தண்ணீர் சிறிது நேரம் வடிந்து நிற்பது இயல்பு. மணிக்கணக்கில் சொட்டினால் கோளாறு வால்வில். போர் தண்ணீரின் உப்பு அடைத்துப் பீச்சல் கோணலானால் மட்டுமே தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைப்பது பயன் தரும்.

அந்த வால்வு இப்போது டைல்ஸுக்குப் பின்னால், கன்சீல்டு டைவர்ட்டருக்குள் இருக்கிறது. பித்தளை உடல் நன்றாக இருந்து, அதே கார்ட்ரிட்ஜும் கிடைத்தால், முகப்புத் தகட்டைக் கழற்றி அரை மணியில் மாற்றிவிடலாம். அப்போது பழுது பார்ப்பதே சரி. மாடல் நின்றுபோயிருந்தாலோ, உட்பக்க மரையை உப்பு தின்றிருந்தாலோ சுவரை உடைக்க வேண்டியதுதான். பத்தாண்டுக்கு முன் வாங்கிய டைல்ஸின் நிறம் இன்று கடையில் இராது. சொட்டை நிறுத்தப் போய்க் குளியலறையையே புதுப்பிக்கும் செலவு வந்து நிற்கும். முன்பு குழாயையே மாற்றினாலும் பழைய பித்தளை எடைக்குப் போய்க் கொஞ்சம் காசாவது திரும்பியது. இன்றைய குரோம் பூசிய பிளாஸ்டிக் பாகங்களைக் காயலான் கடைக்காரர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

புதிதாக வீடு கட்டுவோரிடம் அனுபவமுள்ள பிளம்பர்கள் டைல்ஸில் ஒரு பெட்டியை மிச்சம் வைக்கச் சொல்கிறார்கள். டைவர்ட்டர் வாங்கும்போதே கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, மாடல் எண்ணுள்ள பில்லோடு பரணில் போட்டுவைக்கவும் சொல்கிறார்கள்.